எட்ஜ்வுட்டின் கணக்கு: அன்றும் இன்றும்

1967-68 கல்வியாண்டில், டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்தில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால், அந்தப் பிள்ளை எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஊரின் மேற்குப் பகுதியில் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம். அங்கே 356 டாலர். அதே ஊரின் வடக்கில், காரில் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், அலமோ ஹைட்ஸ் பள்ளி மாவட்டம்; அங்கே 594 டாலர்.

அமெரிக்கப் பள்ளி மாவட்டம் என்பது நம்மூர்க் கல்வி மாவட்டம் போல அரசுக்குக் கீழே இயங்கும் அலுவலக எல்லை அல்ல. அதற்கென்று தேர்தல் நடக்கிறது, உறுப்பினர் வாரியம் இருக்கிறது, வரி விதிக்கும் உரிமையும் இருக்கிறது. டெக்சஸில் இதை எல்லோரும் ஐ.எஸ்.டி. என்றே சொல்கிறார்கள். எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மீது போடும் சொத்து வரிதான் அதன் சொந்த வருமானம். மிச்சம் மாநில அரசிடமிருந்தும், கொஞ்சம் வாஷிங்டனிலிருந்தும் வரும். சான் அன்டோனியோ பெருநகரத்தில் அன்று இப்படி ஏழு மாவட்டங்கள் இருந்தன.

அந்த 356-ஐயும் 594-ஐயும் பிரித்துப் பார்த்தால்தான் கதை விளங்கும். எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு மாநிலத் திட்டத்திலிருந்து 222 டாலர், மத்திய அரசிடமிருந்து 108 டாலர், மாநிலத் திட்டத்துக்குத் தன் பங்கைச் செலுத்தியது போக ஊர் வரியில் மிஞ்சியது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் மாநிலத்திடமிருந்து 225, மத்திய அரசிடமிருந்து 36, ஊர் வரியிலிருந்து 333. ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வதற்கென்றே வந்த மாநிலத் திட்டம், பணக்கார மாவட்டத்துக்கு ஏழை மாவட்டத்தைவிட மூன்று டாலர் கூடுதலாகக் கொடுத்தது. இந்த வரவுக் கணக்கில் என்னை மிகவும் உறுத்தும் எண் அந்த மூன்று டாலர்தான்.

எட்ஜ்வுட் மக்கள் வரி கொடுக்கத் தயங்கியவர்கள் என்றும் சொல்ல முடியாது. நூறு டாலர் சொத்து மதிப்புக்கு அவர்கள் கட்டிய வரி 1.05 டாலர். பெருநகரத்திலேயே அதுதான் மிக அதிகம். அலமோ ஹைட்ஸ் கட்டியது 85 சென்ட். ஆனால் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு ஈடான சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் அது 49,000 டாலருக்கு மேல். மாவட்டங்களிலேயே அதிகபட்சமாகக் கிடைத்த வரிப் பலனை எட்ட வேண்டுமானால் எட்ஜ்வுட் நூறு டாலருக்கு 5.76 டாலர் வரி போட வேண்டும். அலமோ ஹைட்ஸுக்கு 68 சென்ட் போதும். சட்டமோ 1.50 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றது. அதிகம் கட்டியவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. அதைச் சரிசெய்துகொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் 1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் பெற்றோருக்குத் தெரியாது. அவர்கள் கண்ணில் பட்டது உடைந்த ஜன்னல்கள், போதாத பாடப்பொருள்கள், தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர்கள். மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியில் சுமார் 400 மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி, மாவட்ட அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் மேல்தளம் புழங்கத் தகுதியற்றதென்று மூடப்பட்டு வௌவால்கள் அடைந்திருந்தன. கெல்லி விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்துவந்த டெமெட்ரியோ ரோட்ரிகஸின் பிள்ளைகள் படித்தது அங்கேதான். மாவட்டத்தில் படித்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் மெக்சிகோ வம்சாவளியினர். 6 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர்.

பெற்றோர் முதலில் சந்தேகப்பட்டது மாவட்ட நிர்வாகத்தை. யாரோ பணத்தைச் சுருட்டுகிறார்கள் அல்லது நிர்வாகம் தெரியாமல் வீணடிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். நியாயமான சந்தேகம்தான், பள்ளிக்கூடம் பாழாய்க் கிடந்தால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். அவர்கள் போய்ப் பார்த்த வழக்கறிஞர் ஆர்தர் கோக்மன், மாவட்டத்தின் வரவு செலவைப் பக்கத்து மாவட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு பதில் சொன்னார். களவு போகிற அளவுக்கு இங்கே பணமே வருவதில்லை; கோளாறு வரி முறையிலேயே இருக்கிறது என்றார். தகட்டுத் தொழிலாளிகளும் வீட்டுவேலை செய்பவர்களும் சொத்து மதிப்பையும் வரி விகிதத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் ஒன்றோடொன்று வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மாவட்டக் கண்காணிப்பாளராக வந்த ஹோசே கார்டெனாஸ் பெற்றோரின் பக்கமே நின்று சாட்சி சொன்னார். வழக்கின் பெயரில் இன்றுவரை எதிர்த்தரப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் சான் அன்டோனியோ பள்ளி மாவட்டமும்கூடப் பிற்பாடு பெற்றோருக்கு ஆதரவாக நின்றது.

1971 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட மத்திய நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், கல்வி அமெரிக்க அரசியலமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமைகளில் ஒன்றல்ல என்றார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தர்குட் மார்ஷல், ஊரின் சொத்து மதிப்பை வைத்துக் குழந்தையின் படிப்பை அளப்பது எப்படிச் சம உரிமையாகும் என்று எட்ஜ்வுட்டின் எண்களைக் கொண்டே வாதாடினார்.

பவலின் தீர்ப்பில் இன்னொரு சந்தேகமும் இருந்தது. கூடுதலாகச் செலவழித்தால் படிப்பு உயரும் என்பதே நிரூபிக்கப்படாத விஷயம் என்றார் அவர். 1966-இல் வெளியான கோல்மன் அறிக்கைதான் அந்தச் சந்தேகத்துக்கு வலுவூட்டியது. பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பச் சூழலே மாணவரின் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப் போகிறது என்று அது கண்டிருந்தது. பணத்தால் பயனில்லை என்பவர்கள் பல பத்தாண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வாதத்துக்கு உருப்படியான பதில் வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் 1955-க்கும் 1985-க்கும் இடையே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் வரை தொடர்ந்து ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் திடீரென்று கூடுதல் பணம் கிடைத்த மாவட்டங்களின் பிள்ளைகளையும், கிடைக்காத மாவட்டங்களின் பிள்ளைகளையும் ஒப்பிட்டதுதான் அவர்களின் உத்தி. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுவதும் தலைக்கு 10 சதவீதம் கூடுதலாகச் செலவிட்டால், பெரியவர்களானபின் அவர்களின் ஊதியம் சுமார் 7 சதவீதம் கூடியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பலன் அதைவிட அதிகம். 1973-இல் இந்த ஆய்வு நீதிபதிகளின் மேசையில் இருந்திருந்தால் ஒரே ஓர் ஓட்டு மாறியிருக்குமா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

வாஷிங்டனில் தோற்றபின் வழக்கு ஊருக்குத் திரும்பியது. 1984-இல் எட்ஜ்வுட் மாவட்டமே வாதியாகி, டெக்சஸ் மாநில அரசியலமைப்பின் அடிப்படையில் வழக்காடியது. ஐந்தாண்டு கழித்து மாநில உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இந்த நிதிமுறை செல்லாது என்றது. அதற்குள் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. தீர்ப்பில் பதிவான கணக்குப்படி எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு ஈடான சொத்து மதிப்பு 38,854 டாலர், அலமோ ஹைட்ஸில் 5,70,109 டாலர். அறுபதுகளில் எட்டு மடங்காக இருந்த இடைவெளி ஏறத்தாழ பதினைந்து மடங்காகிவிட்டது. மாநிலம் முழுவதும் எடுத்துக்கொண்டால், மிக ஏழையான 100 மாவட்டங்கள் சராசரியாக 74.5 சென்ட் வரி போட்டு மாணவருக்கு 2,978 டாலர் செலவிட்டன. மிகப் பணக்கார 100 மாவட்டங்கள் 47 சென்ட் மட்டும் போட்டு 7,233 டாலர் செலவிட்டன.

சட்டமன்றம் பலமுறை முயன்று, 1993-இல் ஒரு வழியாக நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் சட்டத்தை இயற்றியது. சொத்து மதிப்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய மாவட்டங்கள், தங்கள் வரி வசூலில் ஒரு பங்கைப் பொது நிதிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். டெக்சஸ் மக்கள் இதை ராபின் ஹூட் என்று அழைக்கிறார்கள். சிலர் பாராட்டாக, பலர் வசையாக. அலமோ ஹைட்ஸும் கொடுக்கிறது. மாநிலத் தலைநகரான ஆஸ்டின்தான் அண்மை ஆண்டுகளில் மிக அதிகமாகக் கொடுக்கும் மாவட்டம். பெருமளவில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஹூஸ்டன் மாவட்டமும், நகர மையத்து வானுயர்ந்த கட்டடங்களின் மதிப்பால் பணக்கார மாவட்டமாகக் கணக்கிடப்பட்டது. 2016 நவம்பரில் அதன் வாக்காளர்கள் பணம் கட்ட மறுத்து வாக்களித்து, 2017 மே மாதத்தில் வேறு வழியின்றி இணங்கினார்கள். சொத்து மதிப்பை மட்டும் பார்த்து ஒரு மாவட்டத்தை எடைபோட்டால் இந்தத் தவறு நேரும். அங்கே படிக்கும் பிள்ளைகள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏழைப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளை ஆகியோருக்கு மாநில நிதியில் இன்று கூடுதல் எடை உண்டு. ஆகவே இரண்டு மாவட்டங்களின் நடப்புச் செலவுப் பக்கங்களை அருகருகே வைத்தால், 1967-இன் இடைவெளியை அதே உருவில் காண முடியாது. ரோட்ரிகஸும் அவரோடு நின்ற பெற்றோரும் தொடங்கிவைத்த போராட்டத்தின் வெற்றி இது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அன்று கோக்மன் தேடி எடுக்க வேண்டியிருந்த தகவல்களை இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்பதுகளின் இறுதியிலிருந்து டெக்சஸ் கல்வித்துறை ஒவ்வொரு மாவட்டத்திடமிருந்தும் மாணவர், ஆசிரியர், வரவு, செலவு விவரங்களை ஒரே அமைப்பில் திரட்டுகிறது. ஒவ்வொரு பள்ளியின் ஆண்டறிக்கையும் பொதுவில் கிடைக்கிறது. 2015-இல் நிறைவேறிய மத்தியச் சட்டம், மாவட்டச் சராசரியோடு நிற்காமல் பள்ளிவாரியாக ஒரு மாணவருக்கான செலவை வெளியிட வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது.

ஆனால் மக்கள் பார்ப்பது எதை? ஓர் எழுத்தை. 2018 முதல் டெக்சஸ் தன் மாவட்டங்களுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. பிளேனோ, ஃபிரிஸ்கோ, கேட்டி, சீடர் பார்க் என்று டெக்சஸில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களும் வீடு தேடும்போது முதலில் கேட்பது, எந்த ஐ.எஸ்.டி., என்ன ரேட்டிங் என்பதைத்தான். பிள்ளையின் படிப்புக்காகக் கடல் கடந்தவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? அந்தக் கேள்வியில் குறை காண மாட்டேன். அந்த எழுத்து எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஏனென்றால் நல்ல எழுத்துள்ள மாவட்டத்தில் வீட்டு விலை ஏறும், விலை ஏறினால் வசதியுள்ளவர்களே உள்ளே வர முடியும், வசதியான வீட்டுப் பிள்ளைகள் பெருகினால் மதிப்பெண்ணும் ஏறும். அந்த எழுத்தில் எவ்வளவு பங்கு பள்ளியின் உழைப்பு, எவ்வளவு பங்கு வீட்டின் வசதி என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தரம் மூன்று அளவைகளிலிருந்து வருகிறது. தேர்வில் நேரடியாக எவ்வளவு எடுத்தார்கள் என்பது ஒன்று. முன்பிருந்ததைவிட எவ்வளவு முன்னேறினார்கள், தங்களைப் போன்ற ஏழைப் பிள்ளைகள் உள்ள பிற பள்ளிகளோடு ஒப்பிட்டால் எப்படி என்பது இரண்டாவது. பல்வேறு பிரிவு மாணவர்களுக்கிடையே இடைவெளி குறைகிறதா என்பது மூன்றாவது. முதல் இரண்டில் எது மேலோ அதற்கு 70 சதவீதம், மூன்றாவதுக்கு 30 சதவீதம். எட்ஜ்வுட் போன்ற, பெரும்பாலோர் ஏழைப் பிள்ளைகளாக இருக்கும் மாவட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வது இரண்டாவது அளவைதான். ஒட்டுமொத்த எழுத்துக்குள் அது கரைந்துவிடுகிறது. வீடு வாங்குபவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

அளவுகோலும் நிலையாக இருப்பதில்லை. மேல்படிப்புக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாரான மாணவர்கள் 60 சதவீதம் இருந்தால் அந்தப் பிரிவில் ஏ என்றிருந்ததை 2023-இல் 88 சதவீதமாக உயர்த்தினார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள், ஆசிரியர்கள் அதே ஆசிரியர்கள். எழுத்து மட்டும் இறங்கும் நிலை. மாவட்டங்கள் நீதிமன்றம் போயின. 2023-க்கான தரப் பட்டியல் 2025 ஏப்ரலில்தான் வெளியானது. ஆகவே ஓராண்டின் எழுத்தை முந்தைய ஆண்டின் எழுத்தோடு ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே கோலால் அளக்கப்பட்டவையா என்று பார்த்துவிடுவது அவசியம்.

மாணவர் எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். டெக்சஸில் சேர்க்கைக் கணக்கு அக்டோபர் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நிலவரப்படி எடுக்கப்படுகிறது. மாநிலப் பணமோ சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கு வருவதில்லை. சராசரி தினசரி வருகைக்கு வருகிறது. ஆயிரம் பேர் சேர்ந்த பள்ளியில் அன்றாடம் 950 பேர் வந்தால் 950 பேருக்குப் பணம், 900 பேர் வந்தால் 900 பேருக்கு. ஆசிரியரும் பேருந்தும் வகுப்பறையும் ஆயிரம் பேருக்கும் வேண்டும். ஆஸ்துமாவோடு பள்ளிக்கு வர முடியாத பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பிள்ளை, வாடகை கட்ட முடியாமல் வருடத்தில் இருமுறை வீடு மாறும் குடும்பத்துப் பிள்ளை, இவர்களெல்லாம் எங்கே அதிகமோ அங்கேதான் வருகை குறையும், பணமும் குறையும். அன்று சொத்து மதிப்பு செய்த அநியாயத்தில் ஒரு சிறு பகுதியை இன்று வருகைப் பதிவேடு செய்கிறது என்றே நான் கருதுகிறேன்.

1960-களின் இறுதியில் எட்ஜ்வுட்டின் 25 பள்ளிகளில் சுமார் 22,000 பேர் படித்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. அலமோ ஹைட்ஸ் அன்றும் ஏறத்தாழ 5,000, இன்றும் கிட்டத்தட்ட அதே அளவு. எட்ஜ்வுட் இளைத்ததற்குக் காரணங்கள் பல. பெற்றோர் பலருக்குச் சோறு போட்ட கெல்லி தளம் 2001-இல் மூடப்பட்டது. இளம் குடும்பங்கள் நகரத்தின் விளிம்பிலுள்ள புதுக் குடியிருப்புகளுக்குப் போயின. 1995-க்குப் பிறகு அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் வந்தன. 1998 முதல் பத்தாண்டுகளுக்கு ஒரு தனியார் அறக்கட்டளை, எட்ஜ்வுட்டின் ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போகக் கட்டண உதவி அளித்தது. அதற்கென 5 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்திருந்தது. பிறப்பு விகிதமும் குறைந்துவிட்டது. பக்கத்திலுள்ள சான் அன்டோனியோ மாவட்டம் 2023 நவம்பரில் 15 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. வேகமாக வளர்ந்த ஃபிரிஸ்கோவிலேயே இப்போது சேர்க்கை இறங்கத் தொடங்கியிருக்கிறது.

ஒரு மாவட்டம் இப்படி இளைக்கும்போது அதன் பணக் கணக்கு கண்ணைக் கட்டும். பத்துப் பிள்ளைகள் வெளியேறினால் ஓர் ஆசிரியரைக் குறைக்க முடியாது. அந்தப் பத்துப் பேரும் வெவ்வேறு வகுப்புகளில் இருந்திருப்பார்கள். கட்டடத்தை முன்போலவே குளிரூட்ட வேண்டும், பேருந்து அதே தெருக்களில்தான் போக வேண்டும். செலவு குறையாமல் தலைகள் குறைவதால், ஒரு மாணவருக்கான செலவு காகிதத்தில் உயர்கிறது. அதை மட்டும் படிப்பவர், இத்தனை பணம் கொட்டியும் மதிப்பெண் ஏறவில்லையே என்று சொல்லிவிடுகிறார். சேர்க்கைப் பட்டியலைப் பத்தாண்டு பின்னோக்கிப் பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்ற எண்ணைப் படிக்கவே கூடாது.

2025 மே மாதம் கையெழுத்தான சட்டம், 2026-27 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் கொடுக்க நூறு கோடி டாலரை ஒதுக்குகிறது. அதே ஆண்டில் மாநிலம் ஒரு மாணவருக்கான அடிப்படை நிதியை 6,160 டாலரிலிருந்து 55 டாலர் உயர்த்தியது. 2019-க்குப் பிறகு அதுதான் முதல் உயர்வு. இடைப்பட்ட ஆறாண்டு விலைவாசி ஏற்றத்துக்கு முன்னால் அந்த 55 டாலர் எம்மாத்திரம் என்பதை டெக்சஸில் மளிகை வாங்கும் எவரும் சொல்வார்கள்.

கடைசியாக, கட்டடங்கள். மாணவர்கள் 1968-இல் வெளிநடப்பு செய்தது உடைந்த கட்டடங்களுக்காகவும்தான். பள்ளி மாவட்டத்தின் சொத்து வரியில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று சம்பளம், பாடநூல் போன்ற அன்றாடச் செலவுக்கு; மற்றொன்று கட்டடம் கட்ட வாங்கும் பத்திரக் கடனைத் திருப்பிச் செலுத்த. ராபின் ஹூட் முறை கை வைப்பது முதல் பங்கில் மட்டுமே. இரண்டாவது பங்கில் வசூலாகும் பணம் முழுவதும் அந்தந்த மாவட்டத்துக்கே. ஏழை மாவட்டங்களுக்கு மாநிலம் ஓரளவு உதவுகிறது. ஆனால் பணக்கார மாவட்டம் சில சென்ட் வரியில் அரங்கமும் ஆய்வகமும் கட்டிவிட முடிகிறது. அன்றாடச் செலவில் அடைக்கப்பட்ட பள்ளம் கட்டடச் செலவில் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது.

இந்த விவரம் ரகசியமல்ல. மாவட்ட வாரியம் வரி விகிதத்தை முடிவுசெய்யும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம். அங்கே யாரும் போய்க் கேட்கலாம். ஆனால் மாநிலம் பெற்றோருக்காக வெளியிடும் தரப் பக்கத்தில் எழுத்துதான் பெரிதாக நிற்கிறது. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இன்னும் நான்கு எண்களை அச்சிட வேண்டும்: ஒரு மாணவருக்கு ஈடான சொத்து மதிப்பு, ஊர் மக்கள் கட்டும் வரி விகிதம், பத்தாண்டுச் சேர்க்கைக் கணக்கு, கட்டட வரியை ஒரு சென்ட் உயர்த்தினால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் தொகை. எட்ஜ்வுட்டுக்கும் அலமோ ஹைட்ஸுக்கும் இவற்றை அடுத்தடுத்த வரிசையில் போட வேண்டும்.